மலைவீட்டுக் கூரையில் சூரியத்தகடு: ஆதாயம் யாருக்கு?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால் கொல்லிமலை. பதினான்கு நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையில், ஒன்றியத் தலைமையிடமான செம்மேட்டைத் தன்னகத்தே கொண்டது வாழவந்தி நாடு. மிளகும் காப்பியும் சாமையும் விளையும் இம்மண்ணில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சமவெளி நகரங்களில் இரண்டாண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இப்போது இந்த மலைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பொருத்தலாமா? போட்ட பணம் திரும்புமா?

விற்பனையாளர் சொல்லும் விடை எப்போதும் ஒன்றுதான்: நான்கைந்து ஆண்டுகளில் முதல் திரும்பிவிடும், அதன் பிறகு இருபது ஆண்டுகள் மின்சாரம் இலவசம். சென்னையிலோ கோவையிலோ குளிர்சாதனப் பெட்டி ஓடும் வீட்டுக்கு இது ஏறக்குறைய உண்மை. அதே வாக்கியத்தை வாழவந்தி நாட்டின் ஓட்டு வீட்டு வாசலில் நின்று சொன்னால் அது உண்மையாக இருப்பதில்லை. வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறுபாடு மின் கட்டணத்தில் இருக்கிறது.

முதலில் மானியம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்யகர் இலவச மின்சாரத் திட்டத்தில் ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கும். வீட்டு இணைப்புக்கு மட்டுமே இது பொருந்தும். ஒரு கிலோவாட் தகடுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற கூரை வேண்டும். சிறிய அமைப்புகளுக்குச் சந்தையில் கிலோவாட்டுக்கு 70,000 ரூபாயை ஒட்டி விலை சொல்கிறார்கள். 2025 செப்டம்பரில் சூரியசக்தி சாதனங்களுக்கான சரக்கு, சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் மலையேற்றும் வண்டிக்கூலி அந்தக் குறைப்பில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். மானியம் போக ஒரு கிலோவாட்டுக்குக் கைப்பணம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, அந்த ஒரு கிலோவாட் எவ்வளவு மின்சாரம் தரும்? தமிழகச் சமவெளியில் நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் என்பது வழக்கமான கணக்கு. கொல்லிமலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவங்களின் மேகமும் இங்கே தங்கும். குளிர்காலக் காலைகளில் பனிமூட்டம் விலக நேரமாகும். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. சூரியத்தகடு வெயிலை விரும்பும், வெப்பத்தை விரும்பாது. தகட்டின் வெப்பநிலை 25 பாகைக்கு மேல் கூடும் ஒவ்வொரு பாகைக்கும் அதன் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு விழுக்காடு குறைகிறது. நாமக்கல்லைவிட மலையில் எட்டுப் பத்துப் பாகை குளிர்ச்சி இருப்பதால், தெளிந்த வானமுள்ள நாளில் மலைத்தகடு மூன்று நான்கு விழுக்காடு கூடுதலாகத் தரும். மேகம் எடுத்துக்கொள்வதை இது ஈடுகட்டாது. ஆகவே நாளொன்றுக்கு மூன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 210 யூனிட் என்று சற்றுக் குறைத்தே கணக்கிடுவது நல்லது.

இனிக் கட்டணம். தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் இரு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் விலையில்லை. 2024 ஜூலைத் திருத்தத்தின்படி, 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடு கட்டுவது 235 ரூபாய் மட்டுமே. 300 யூனிட்டுக்கு 705, 400 யூனிட்டுக்கு 1,175, 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டியதும் சலுகை விலகுகிறது. கடைசி யூனிட்டுகளின் விலை எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் என ஏறுகிறது. கட்டணம் ஏணிபோல் படிப்படியாக உயர்கிறது. சூரியத்தகடு இந்த ஏணியை மேற்படியிலிருந்துதான் வெட்டிக்கொண்டு வரும். நிகர அளவீட்டு முறையில், வீடு வாங்கிய யூனிட்டிலிருந்து மின்கம்பிக்கு அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மிஞ்சியதற்கே கட்டணம். எனவே தகடு முதலில் மிச்சப்படுத்துவது மிக விலையுயர்ந்த யூனிட்டை. கடைசியில் மிச்சப்படுத்துவது விலையே இல்லாத யூனிட்டை.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீடு, வாழவந்தி நாட்டில் பரவலாகக் காணக்கூடிய வீடு: நான்கைந்து எல்.இ.டி. விளக்குகள், தொலைக்காட்சி, மிக்ஸி, கைப்பேசிகள். மலைக்குளிரில் மின்விசிறிக்கே ஆண்டில் பாதி நாள் வேலையில்லை. இரு மாதத்துக்கு 180 யூனிட் என்று தாராளமாகவே வைத்தாலும் கட்டணம் 188 ரூபாய். ஆண்டுக்கு 1,128 ரூபாய். ஒரு கிலோவாட் தகடு இந்தத் தொகை முழுவதையும் இல்லாமல் செய்துவிடும். ஆனால் கைப்பணம் 40,000 ரூபாய் திரும்ப 35 ஆண்டுகள் ஆகும். தகட்டுக்கு உற்பத்தியாளர் தரும் உறுதியே 25 ஆண்டுகளுக்குத்தான். இடையில் ஒரு முறையாவது, பெரும்பாலும் இரண்டு முறை, இன்வெர்ட்டரை மாற்ற வேண்டியிருக்கும். அதே 40,000 ரூபாயை ஆறு விழுக்காடு வட்டிக்கு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 2,400 ரூபாய் வரும். அதில் மின் கட்டணத்தையும் கட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு மூட்டை அரிசியும் வாங்கலாம். சுமார் ஏழு விழுக்காட்டு வட்டியில் வங்கிக் கடன் எளிதாகக் கிடைக்கிறது என்பது இந்த வீட்டைப் பொறுத்தவரை அழைப்பே அல்ல, எச்சரிக்கை.

இரண்டாவது வீடு செம்மேட்டில், அரசு ஊதியம் வரும் குடும்பம். குளிர்பதனப் பெட்டி, நீர்சூடாக்கி, துணி துவைக்கும் இயந்திரம், கிணற்று மோட்டார் என்று இரு மாதத்துக்கு 500 யூனிட். ஒரு கிலோவாட் தகடு பொருத்தினால் 290 யூனிட்டுக்கே கட்டணம். 1,805 ரூபாய் 658 ரூபாயாக இறங்கும். ஆண்டுக்கு 6,900 ரூபாயை ஒட்டி மிச்சம். போட்ட பணம் ஆறு ஆண்டுக்குள் திரும்பிவிடும். இரண்டாவது கிலோவாட்டையும் சேர்த்துப் போடச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார். சேர்த்து வாங்கும்போது அதன் கூடுதல் கைச்செலவு 30,000 ரூபாய் என்றே வைப்போம். அது மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 4,000 ரூபாய்க்கும் குறைவு. முதல் கிலோவாட் விலையுள்ள யூனிட்டுகளை உண்டுவிட்டது. இரண்டாவதற்கு மிஞ்சியதில் ஒரு பகுதி இலவச யூனிட். தேவையைவிடப் பெரிய அமைப்பை மானியம் கிடைக்கிறதே என்று வாங்குவதுதான் இத்துறையில் நடுத்தர வீடுகள் பணத்தை இழக்கும் வழி.

மூன்றாவது வீடு 700 யூனிட் வீடு. அதற்கு இன்று 3,800 ரூபாயை ஒட்டிக் கட்டணம். ஒரே ஒரு கிலோவாட் தகடு அதை 500 யூனிட் எல்லைக்குக் கீழே இறக்கிவிடும். சலுகையும் திரும்பி வரும். ஒவ்வொரு பட்டியலிலும் 2,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். நான்கு ஆண்டுக்குள் கணக்கு முடிந்துவிடும். இப்படிப்பட்ட வீட்டுக்காரர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அது அவருக்கு இழப்பு.

சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடுதிக்கு வணிக இணைப்பு. யூனிட் விலை பத்து ரூபாயை ஒட்டி. தகடு அங்கே நன்றாகவே பலன் தரும். ஆனால் வீட்டுக்கான மானியம் கிடையாது. அனுப்பும் மின்சாரமும் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கப்படாமல், குறைந்த விலைக்கே எடுத்துக்கொள்ளப்படும். பகலில் ஓடும் மோட்டார், சலவை இயந்திரம் ஆகியவற்றின் அளவுக்குப் போட்டால் போதும்.

இந்தக் கணக்கைப் படித்துவிட்டு, இலவச மின்சாரம்தான் சூரியசக்திக்கு எதிரி என்று சிலர் முடிவுகட்டுவர். காற்றாலையில் நாட்டின் முன்வரிசையில் நிற்கும், 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் சூரியப்பூங்காவைக் கண்ட தமிழ்நாடு, வீட்டுக்கூரைகளில் மட்டும் குஜராத்துக்கும் கேரளத்துக்கும் பின்னே நிற்பதற்கு இது ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. பாகிஸ்தான் நேரெதிரான காட்சி. மின் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்ததாலும், மின்வெட்டாலும், 2024-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 17 கிகாவாட் சூரியத்தகடுகளை அந்நாடு இறக்குமதி செய்தது. யாரும் மானியம் தந்து அழைக்கவில்லை. கட்டணச் சுமை துரத்தியது. மலைவாழ் ஏழையின் விளக்கு எரிய அரசு பொறுப்பேற்பது, அந்தத் துரத்தலைவிட மேலான ஏற்பாடு என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

ஆனால் கட்டணத்தை மட்டும் வைத்து மலைவீட்டின் தேவையை அளந்துவிட முடியாது. காட்டு வழியே வரும் நீண்ட மின்கம்பிகள் மீது மழைக்காலத்தில் மரக்கிளை விழும்; மின்னல் தாக்கும்; பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஊழியர்கள் நடந்தே போக வேண்டிய இடங்கள் உண்டு. இருட்டில் கழியும் இரவுகளுக்குத் தீர்வாகவே பலர் சூரியத்தகட்டை நினைக்கிறார்கள். இங்கேதான் மிகப்பெரிய தவறான புரிதல் இருக்கிறது. மானியத்தில் பரவலாகப் பொருத்தப்படும், மின்கம்பியோடு இணைந்த அமைப்பு, மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். நல்ல வெயிலடிக்கும் நண்பகலிலும் அப்படித்தான். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரை, வீட்டிலிருந்து வரும் மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது, குறைபாடு அன்று. எனினும், பணம் கட்டிய பிறகு இதை அறிந்துகொள்ளும் குடும்பத்தின் ஏமாற்றத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். மின்வெட்டிலும் விளக்கு எரிய பேட்டரி வேண்டும். அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். பேட்டரிக்கு இந்த மானியம் இல்லை. ஈய அமில பேட்டரியின் ஆயுள் நான்கைந்து ஆண்டுகள். லித்தியம் நீடித்து உழைக்கும், விலை கூடுதல்.

இருட்டுதான் சிக்கல் என்றால், அதற்குக் கிலோவாட் கணக்கில் தகடு தேவையில்லை. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்து, நான்கு மணி நேரம் எரிய 180 வாட் மணி போதும். அதாவது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. நூறு வாட் தகடும் நடுத்தர அளவு பேட்டரியும் இருந்தால் பிள்ளைகள் படிக்கலாம், கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யலாம். முதல் வீட்டுக்கு உண்மையில் பொருந்துவது இதுதான்.

இப்படி ஒன்றைத் தமிழக அரசு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 2011-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு ஒன்றுக்குத் தொடக்கத்தில் 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. வீட்டுக்கு ஐந்து விளக்குகள். அன்று ஐந்து விளக்குக்குத் தேவைப்பட்ட அதே தொகைதான் இன்று ஒரு முழு கிலோவாட்டுக்கான மத்திய மானியம். தகட்டின் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. இத்தகைய திட்டங்களின் பலவீனமான கண்ணி எப்போதும் பேட்டரிதான். தகடு கால் நூற்றாண்டு நிற்கும். பேட்டரி ஐந்தாம் ஆண்டில் படுத்துவிடும். மாற்று பேட்டரிக்கான பணத்தையும் ஆளையும் முதல் நாளிலேயே திட்டத்தில் எழுதிவைக்காவிட்டால், கூரையில் இருப்பது வெறும் கண்ணாடி.

முதல் வீட்டுக்குக் கணக்கு ஒத்துவராது என்றோம். ஆனால் அதே கூரையில் ஒரு கிலோவாட் தகடு இருந்தால் ஆதாயம் அடையும் வேறொருவர் இருக்கிறார். 180 யூனிட் வீட்டுக்காக அரசு மின்பகிர்மானக் கழகத்துக்கு மானியம் செலுத்துகிறது. 2024 ஜூலையில் ஆணையம் நிர்ணயித்த 4.80 ரூபாய் விலைப்படி இலவச 100 யூனிட்டுக்கு 480 ரூபாய். மீதி 80 யூனிட்டில் குடும்பம் செலுத்தாத பங்கு 196 ரூபாய். ஆக இரு மாதத்துக்கு 676, ஆண்டுக்கு 4,000 ரூபாயைச் சற்றே தாண்டும். தகடு வந்து நிகரப் பயன்பாடு சுழியமானால், குடும்பத்துக்கு மிஞ்சுவது 1,128 ரூபாய்; அரசுக்கு மிஞ்சுவது அதைப் போல மூன்றரை மடங்கு. செலவு குடும்பத்தின் தலையில், ஆதாயத்தின் பெரும்பங்கு கருவூலத்துக்கு. வாழவந்தி நாட்டுக் குடும்பம் தகடு வாங்கத் தயங்குவது அறியாமையால் அன்று. மிகச் சரியான கணக்கால்.

அப்படியானால் வாங்க வேண்டியது அரசே. கைப்பணமான 40,000 ரூபாயை அரசு ஏற்றால், ஆண்டுக்கு 4,000 ரூபாய் மானியச் சேமிப்பில் பத்தாண்டுகளில் அது திரும்பிவிடும். மீதிப் பதினைந்து ஆண்டுகள் ஆதாயம். மின் தொடரின் கடைசி முனையில் உற்பத்தி நடப்பதால் மலையேறும் கம்பிகளின் இழப்பும் பகலில் குறையும். இதற்கான வழி மத்தியத் திட்டத்திலேயே இருக்கிறது: பகிர்மான நிறுவனமே வீடுகளின் சார்பில் தகடு பொருத்தும் முறைக்கு 2024 டிசம்பரில் நெறிமுறைகள் வெளியாகின. ஆந்திரம், இலவச மின்சாரம் பெறும் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகளுக்குச் செலவின்றி 2 கிலோவாட் தகடு பொருத்த அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. உத்தரப் பிரதேசம் மத்திய மானியத்தின் மேல் தன் பங்காகக் கிலோவாட்டுக்கு 15,000 ரூபாய் சேர்க்கிறது. தமிழகத்துக்கும் இது புதிதன்று. 2013-இல் முதலமைச்சரின் மேற்கூரைத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகை தரப்பட்டது. அன்று தகட்டின் விலை இன்றைவிட அதிகமாக இருந்தது. விலை இறங்கிய இன்று அந்தத் தொகை பழங்குடி ஒன்றியங்களுக்கு மட்டுமாவது திரும்ப வருவதில் பெரிய நிதிச் சுமை இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. மாநிலத்தின் மின்தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகல் தேவைக்குச் சூரியசக்தி கைகொடுக்கிறது. கதிரவன் சாய்ந்த பிறகு வரும் மாலை நெருக்கடியில் கூரைத்தகடு உதவாது. பகலில் மலிவான மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, இரவில் விலையுயர்ந்த மின்சாரத்தை யூனிட்டுக்கு யூனிட் திருப்பித்தருவது பகிர்மானக் கழகத்துக்கு இழப்பு என்பர். பெரிய வீடுகளைப் பொறுத்தவரை இது சரி. இரவில் ஐந்து விளக்கு எரியும் வீட்டுக்கு இந்த வாதத்தின் எடை மிகக் குறைவு. அரசு தரும் அமைப்போடு சிறியதொரு பேட்டரியும் சேர்ந்தால் அதுவும் போய்விடும். மின்வெட்டு இரவுகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

சொந்தப் பணத்தில் பொருத்த முடிவெடுப்போர் கையெழுத்திடும் முன் ஓராண்டு மின் கட்டண அட்டையை எடுத்து, ஆறு பட்டியல்களின் யூனிட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சராசரி 300 யூனிட்டுக்குக் கீழே இருந்தால், இன்றைய கட்டணத்தில் அவசரம் ஏதுமில்லை. மார்கழி, தை மாதங்களில் கூரையைப் பார்ப்பது அடுத்த வேலை. கொல்லிமலை 11 பாகை வட அகலாங்கில் இருப்பதால், அம்மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். சித்திரையில் நிழலே தராத தெற்குப் பக்கத்துச் சில்வர் ஓக் மரம் அப்போது கூரையை மறைக்கும். தகடுகள் சங்கிலிபோல் இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மிளகுக் கொடி படர்ந்த மரத்தைத் தகட்டுக்காக வெட்டுவது எந்தக் கணக்கிலும் ஆதாயமன்று. மேற்கிலோ கிழக்கிலோ மேடு உயர்ந்திருந்தால் இரண்டு மணி நேர வெயில் கணக்கிலிருந்து போய்விடும். ஓடும் கல்நாரும் வேய்ந்த கூரை தகட்டைத் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் இரும்புச் சட்டத்தின் செலவு சேரும். இடி மின்னல் மிகுந்த மலையில் நில இணைப்பும் மின்னல் காப்பும் விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மின் இணைப்பு இன்னும் மறைந்த தந்தையின் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றம் முடியாமல் மானிய விண்ணப்பம் நகராது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, பழுது வந்தால் யார் மலையேறி வருவார், எத்தனை நாளில் என்பது. ஐந்தாண்டுப் பராமரிப்பு என்று தாளில் எழுதித் தருவது எளிது. ஓர் இணைப்பு முனை தளர்ந்ததற்காகச் சேலத்திலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ ஒருவர் 70 வளைவுகளையும் ஏறி வருவார் என்று நம்புவது கடினம். கொல்லிமலையில் பழங்குடியினருக்கான அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தகடு பொருத்துதல், பேட்டரி பராமரிப்பு ஆகியவற்றில் அங்கே ஆண்டுக்கு இருபது பேர் பயிற்சி பெற்றால், ஒவ்வொரு நாட்டிலும் ஒருவராவது கூப்பிட்ட அன்றே வந்து பார்க்கும் தொலைவில் இருப்பார்.